நேற்று வரை அந்த 600 ரிங்கிட் எங்கே இருந்தது?

போன மாதம் பினாங்கில் எங்கள் தொழிற்சாலைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு தம்பி விலகினான். ஏழு வருடம் என்னோடு இரவு ஷிப்டில் நின்றவன். சோதனை இயந்திரத்தின் சத்தம் சற்று மாறினாலே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவான். ராஜினாமாக் கடிதம் கொடுத்த அன்று மாலையே மனிதவளப் பிரிவில் அவனைக் கூப்பிட்டு, மாதம் 600 ரிங்கிட் கூட்டித் தருவதாகச் சொன்னார்கள். வெளியே வந்தவன் என்னிடம் கேட்டான்: "அண்ணே, நேற்று வரை இந்த 600 எங்கே இருந்தது?"

எனக்கு வாய் அடைத்துப்போனது. அவனுடைய மேற்பார்வையாளன் நான். மூன்று வருடமாக அவன் மதிப்பீட்டுத் தாளில் "மிகச் சிறப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் நான்தான்.

என் நட்பு வட்டத்தில் பட்டறை, அச்சகம், கணக்காய்வு அலுவலகம் என்று நடத்துகிற முதலாளிகள் பலர் இருக்கிறீர்கள். "நல்ல ஆள் கிடைப்பதில்லை" என்று நீங்கள் குறைப்படாத மாதமில்லை. உங்களிடம்தான் இதைச் சொல்ல வேண்டும். வெளியே ஆள் தேடும் அக்கறையில் பாதியையாவது உள்ளே இருப்பவன் மீது காட்டுங்கள்.

திறமையான பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூருக்கு ஓடிவிடுகிறார்கள் என்ற பேச்சை நம் கூட்டங்களில் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அங்கே ஒரு வெள்ளி நம் மூன்று ரிங்கிட்டுக்கு மேல். அந்த இழுப்பு உண்மைதான், அதோடு ஒரு சிறு நிறுவனம் மல்லுக்கட்ட முடியாது. ஆனால் இந்தத் தம்பி சிங்கப்பூர் போகவில்லை. 2014இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலத்தைத் தாண்டினால் வரும் பத்து காவான் என்ற ஊருக்குத்தான் போயிருக்கிறான். அங்கே அவனுக்குக் கிடைத்த சம்பளம், எங்கள் நிர்வாகம் கடைசி நேரத்தில் நீட்டியதைவிடச் சற்றுக் குறைவு. இருந்தும் போனான். கடிதம் கொடுத்த பிறகு வந்த பணத்தை அவனால் பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு வருடம் தன்னை ஏமாற்றியதற்கான ஒப்புதலாகத்தான் பார்த்தான். அவன் பார்த்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன்.

அவன் இடத்துக்கு விளம்பரம் போட்டார்கள். அதில் குறித்திருந்த தொடக்கச் சம்பளம், ஏழு வருட அனுபவத்துடன் அவன் வாங்கியதைவிட அதிகம்! அந்த விளம்பரம் எங்கள் பிரிவில் கைப்பேசிக்குக் கைப்பேசி போனது. மீதி ஆறு பேரும் அதைப் படித்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது. புது ஆள் இன்னும் வரவில்லை. அந்த ஆறு பேர்தான் ஒன்றரை மடங்கு மிகைநேர ஊதியத்தில் அவன் வேலையையும் சுமக்கிறார்கள். 600 ரிங்கிட்டை மிச்சம் பிடித்ததால் வந்த செலவு இது.

உற்பத்தி வரிசையில் இன்னொரு வேதனை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ஆனது. வரவேற்க வேண்டிய உயர்வு, சந்தேகமே இல்லை. ஆனால் பதினோரு வருடம் உழைத்து 1,720க்கு வந்திருந்த ஓர் அக்கா, நேற்று சேர்ந்த பெண்ணுக்கு வேலை கற்றுக்கொடுத்துக்கொண்டே அவளைவிட 20 ரிங்கிட் மட்டும் கூடுதலாக வாங்குகிறார். சட்டம் சொன்னதை நிர்வாகம் செய்தது, அதோடு நிறுத்திக்கொண்டது. கீழ்ப்படியை உயர்த்தினால் மேல்படிகளையும் உயர்த்த வேண்டும் என்று சட்டம் சொல்லாது. அதை முதலாளியின் மனசாட்சி சொல்ல வேண்டும்.

பணம் மட்டும்தானா என்று கேட்பீர்கள். இல்லை. அந்தத் தம்பி இரண்டு முறை தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பயிற்சிக்கு அனுப்பும்படி கேட்டான். எங்கள் வட்டாரமான பாயான் லெப்பாஸிலேயே 1989 முதல் பினாங்கு திறன் மேம்பாட்டு மையம் இருக்கிறது. மலேசிய ஊழியர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்கள் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவளப் பயிற்சி நிதிக்குக் கட்டுகின்றன. பணம் கட்டியாகிவிட்டது, மையம் பக்கத்திலேயே இருக்கிறது. "இப்போது வேலை அதிகம், அடுத்த வருடம் பார்க்கலாம்" என்றார்கள். படித்தால் போய்விடுவான் என்ற பயம் அது. படிக்க விடாததால்தான் போனான்.

கைக்குழந்தையோடு இருக்கும் ஒரு தங்கை பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு எழுதிக் கொடுத்தாள். 2023 ஜனவரியிலிருந்து, இப்படி எழுத்தில் கேட்டால் முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும் என்பது வேலைச் சட்டம். கிடைக்காது என்று வாய்மொழியாக ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அவள் இப்போது வேறு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்குத் தெரியும், அவளே சொன்னாள்.

என் அம்மா எழுபதுகளின் கடைசியில் தோட்டத்திலிருந்து இந்த வட்டாரத் தொழிற்சாலைக்கு வந்தவர். ஒரே இடத்தில் இருபத்தாறு வருடம் இருந்தார். வேறு வழியில்லாததால் இருந்தேன் என்று இப்போது சொல்கிறார். அதை விசுவாசம் என்று நினைத்த காலம் முடிந்துவிட்டது.

நேற்று மூன்று பேரின் பெயரையும், ஒவ்வொருவரும் போனால் எந்த இயந்திரம் எத்தனை நாள் நிற்கும் என்பதையும் எழுதி மேலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மூவரும் இன்னும் கடிதம் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை பேசலாம் என்றிருக்கிறார்.