பேரூராட்சியில் கிராம சபையா?

"அக்டோபர் 2 அன்று பேரூராட்சி அலுவலகத்தில் கிராம சபை. வந்து கையெழுத்துப் போடுங்கள், சொத்து வரி ரத்தாகும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. நேற்று மட்டும் மூன்று குழுக்களில் எனக்கு வந்தது. மூன்றிலும் எந்த ஊர் என்றே இல்லை.

இது தவறு. கிராம சபை கிராம ஊராட்சிகளுக்கு உரியது. அரசியலமைப்பின் 243ஆம் பிரிவிலேயே அதைப் பார்க்கலாம்: கிராமத்து வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள் கூடும் அவை அது. பேரூராட்சி நகர்ப்புற உள்ளாட்சி. அங்கே இருப்பவை வார்டு குழுவும் பகுதி சபையும். அக்டோபர் 2 கூட்டம் பக்கத்துக் கிராம ஊராட்சியில் நடக்கும், அதைப் பார்த்து யாரோ குழப்பிக்கொண்டிருக்கலாம்.

சரி, வரி? கையெழுத்துப் போட்டால் ரத்தாகாது. தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை. இரண்டாம் அரையாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. 31ஆம் தேதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டுக்கு 1,200 ரூபாய் கட்டுபவருக்கு 60 ரூபாய் மிச்சம். ரத்தாகும் என்று காத்திருந்தால் இதுவும் போய்விடும்.

சந்தேகம் இருந்தால் பழைய ரசீதை எடுத்துக்கொண்டு பேரூராட்சி வரி வசூல் மையத்தில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அதே குழுவில் "தவறு" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள்.