சுவரை எடுத்தால் சுவர் செய்த வேலையை எது செய்யும்?

திருகோணமலையில் தலைமைக் கந்தோர் கட்ட நினைக்கிற பலருடைய ஆசையும் ஒன்றுதான்: உள்ளே சுவரே வேண்டாம், கடல் பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆசையில் பிழையில்லை. ஆனால் சுவர் இவ்வளவு காலமும் சும்மா நிற்கவில்லை. சத்தத்தை மறித்தது, வெயிலை மறைத்தது, ப்ளக்கையும் சுவிட்சையும் சுமந்தது. அதை எடுக்க முன், இந்த வேலைகளை இனி எது செய்யும் என்பதற்கு வரைபடத்திலேயே பதில் இருக்கவேண்டும்.

முதலில் சத்தம், ஏனென்றால் திறந்த கந்தோர்கள் அதிகம் தோற்பது இதில்தான். கீழே டைல்ஸ், மேலே வெறும் கொன்கிரீட், பக்கத்தில் கண்ணாடி என்றால் ஒருவர் போனில் பேசுவது மண்டபம் முழுக்கக் கேட்கும். ஆளைக் குழப்புவது இரைச்சல் அல்ல, விளங்குகிற சொல். பக்கத்து மேசைக்காரர் பேசுவது சொல்சொல்லாக விளங்கினால் கணக்குப் பார்க்க முடியாது. பக்கத்துப் பேச்சு ஆளைக் குழப்புவது நிற்கிற தூரம் 5 மீற்றருக்குள் இருந்தால் நல்ல மண்டபம், 10 மீற்றரைத் தாண்டினால் மோசம் என்பது திறந்த கந்தோர்களின் சத்தத்தை அளப்பதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 3382-3 2012இல் தந்த அளவு.

காசைப் போடவேண்டிய முதல் இடம் சீலிங். சாதாரண ஜிப்சம் பலகை சத்தத்தைத் திருப்பி அனுப்பும்; உறிஞ்சுகிற பலகை வேண்டும், வாங்கும்போது என்ஆர்சி, அதாவது சத்தத்தை எவ்வளவு உறிஞ்சும் என்று காட்டுகிற எண், 0.85க்குக் குறையாமல் கேளுங்கள். எதிரெதிர் மேசைகளுக்கு நடுவில் வைக்கிற தடுப்பு தரையிலிருந்து 1.4 மீற்றராவது உயரவேண்டும். இருக்கிறவரின் காது ஏறத்தாழ 1.2 மீற்றரில் இருக்கிறது, அதற்குக் கீழே நிற்கிற தடுப்பு அலங்காரம் மட்டும். தரை முழுக்கக் கார்பெட் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். வாடைக்கால ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

பத்துப் பேருக்கு ஒன்றாவது போன் பேச மூடிய சின்ன அறை வேண்டும். அந்த அறைச் சுவரைச் சீலிங்கோடு நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிற பிழை. பேச்சு சீலிங்குக்கு மேலால் போய் அடுத்த பக்கம் இறங்கும். சுவர் மேல் சிலாப் வரைக்கும் போகவேண்டும், கதவுக்குக் கீழே இடைவெளி இருக்கக்கூடாது.

இதையெல்லாம் செய்யாமல் சுவரை மட்டும் உடைத்தால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. பேர்ன்ஸ்டீன், டர்பன் என்ற இருவர் இரண்டு அமெரிக்க நிறுவனங்களின் தலைமையகங்களில் அளந்து 2018இல் வெளியிட்டார்கள். திறந்த மண்டபத்துக்கு மாறிய பிறகு முகம் பார்த்துப் பேசுவது ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது, மின்னஞ்சல் கூடியது. பேச வைக்கத்தானே சுவரை எடுத்தார்கள்!

ஆளுக்கொரு மேசை என்று ஒதுக்காமல், வருகிறவர் காலியான மேசையில் இருக்கிற மாதிரி மேசைகளைப் பங்கிடுவதென்றால் ஊகித்து வாங்கவேண்டாம். இரண்டு கிழமைக்கு மணிக்கொரு தடவை எத்தனை மேசையில் ஆள் இருக்கிறது என்று எண்ணுங்கள். சராசரியை விடுங்கள், உச்சத்தை எடுங்கள். 100 பேரில் உச்சம் 70 என்றால் 75 முதல் 80 மேசை போதும், ஆனால் பூட்டுப்பெட்டி 100 வேண்டும். பெட்டி இல்லாவிட்டால் பையை வைத்து இடம் பிடிப்பார்கள், பங்கீடு ஒரு மாதத்தில் செத்துப்போகும். சம்பளக் கணக்குப் பார்ப்பவர்களை இந்தப் பங்கீட்டில் சேர்க்கவே கூடாது.

மேசை சுவரைவிட்டு நடுவுக்கு வந்தால் மின்சாரமும் நடுவுக்கு வரவேண்டும். ப்ளக் உள்ள தரைப் பெட்டிகளை 3 மீற்றருக்கு ஒன்றாகக் கட்டமிட்டு, தரைப்பூச்சுப் போட முன்னமே குழாய் பதிக்கவேண்டும். பிறகு யோசித்தால் எக்ஸ்டென்ஷன் வயர்தான் தரையெல்லாம் ஓடும். மின் வயரும் டேட்டா வயரும் வேறு வேறு குழாய். நம் ஊரில் தரையைத் தண்ணீர் போட்டுத்தான் துடைக்கிறோம், ஆகவே ரப்பர் வளையம் வைத்து இறுகுகிற மூடி இல்லாத பெட்டியை ஏற்காதீர்கள்.

இனிக் கடல் பக்கக் கண்ணாடி. பங்குனியில் காலை 8.30க்குக் கிழக்கு வெயில் ஏறத்தாழ 34 பாகையில் வரும். 1.5 மீற்றர் உயரக் கண்ணாடியை அதிலிருந்து மறைக்க 2.2 மீற்றர் நீட்டம் தேவை. சன்ஷேட்டால் ஆகாத காரியம் அது. அந்த அகலத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: விறாந்தை. வாடைக்காற்றோடு அடிக்கிற மழையையும் அதுவே வாங்கிக்கொள்ளும், நாலு கதிரை போட்டால் கந்தோரில் ஆட்கள் விரும்பிப் பேசுகிற இடமாகவும் ஆகும். தெற்குப் பக்கம் டிசெம்பர் நண்பகலுக்கு 0.95 மீற்றர் போதும். வடக்கை மறக்கவேண்டாம்: ஏப்ரல் நடுவிலிருந்து ஓகஸ்ட் கடைசிவரை நண்பகல் வெயில் அந்தப் பக்கம்தான், 0.4 மீற்றர் நீட்டுங்கள். மேற்கில் கண்ணாடியே வேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்துப் பின்னேரச் சூட்டை எந்த ஏசியும் மலிவாக வெல்லாது. படிக்கட்டு, கழிவறை, களஞ்சியத்தை அங்கே தள்ளுங்கள்.

ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலுக்கு நேரே வைக்காதீர்கள். பூச்சுப் பூசிய தகடுள்ளதாக வாங்கி, மாதம் ஒருதரம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள். வெளியே வருகிற ஆணி, நட்டு எல்லாம் 316 தர எவர்சில்வர். 304 உப்புக் காற்றில் கறைபிடிக்கும்.

தளபாடம் முழுவதையும் ஒரே தடவையில் வாங்கவேண்டாம். முதலில் ஒரு மூலையில் 12 மேசையைப் போட்டு, ஒருவரை அங்கே இருத்தி, போனில் பேசுகிற குரலில் பத்திரிகை வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் விலகி நடந்துகொண்டே போய், சொல் விளங்காமல் போகிற இடத்தை அளவுநாடாவால் அளங்கள். 8 மீற்றரிலும் விளங்கினால் மீதி மேசைக்கு வைத்த காசைச் சீலிங்குக்கு மாற்றுங்கள்.