சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு கூட்டம் நடத்த முடியாது

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில் சின்னதாக ஒரு கார்ப், அதாவது சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு, ஆரம்பித்து நடத்துகிற பையன்கள் நம்ம பக்கம் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் பேச வந்தால் பெரும்பாலும் ஒரே கேள்வி: "அண்ணே, உள்ளே இருக்கிற ஒற்றனை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கண்டுபிடிக்க முடியாது தம்பி. தேடத் தொடங்கினால் ஒற்றன் போகமாட்டான், நல்லவன்தான் முகம் சுளித்துக்கொண்டு போவான். அதிகாரத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒரு துண்டு திருட்டுப் போனால் போகட்டும் என்று இருப்பதுதான் தலைவன் வேலை. பலருக்கு இந்தப் பதில் பிடிப்பதில்லை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2003 மே மாதம் ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. சீனாவுக்குத் தனி சர்வர்; மற்ற எல்லோரும் ஒரே பிரபஞ்சத்தில்தான். கப்பல் வெடித்தால் போனது போனதுதான். ஆட்டத்துக்குள் திருடலாம், ஏமாற்றலாம், உளவு பார்க்கலாம், விதியில் தடையில்லை. திருடியதை நிஜப் பணத்துக்கு விற்றால் கணக்கை முடக்குவார்கள்.

இப்படிப்பட்ட இடத்தில் போய் "ஆளை நம்பு" என்றால் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் கையில் எப்போதும் ஒரு கதை இருக்கும்: பேண்ட் ஆஃப் பிரதர்ஸ். பல கார்ப்கள் சேர்ந்த, அந்தக் காலத்தில் எல்லோரும் பயந்த கூட்டணி. 2009 பிப்ரவரியில் அதன் இயக்குநர் ஒருவர் எதிரிக் கூட்டணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்தார். தன் பதவிக்கு இருந்த அதிகாரத்தை வைத்தே கூட்டணியைக் கலைத்துவிட்டார். போர்க்களத்தில் முடியாததைச் சில பட்டன்கள் முடித்தன. கலைந்த பெயரைக்கூட எதிரி தன் பெயரில் பதிந்துகொண்டான்.

சரி, இது நடந்ததுதான். ஆனால் அடுத்த ஆண்டு நடந்ததை ஏன் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை? 2010 தொடக்கத்தில் அதே கூன்ஸ்வார்ம் சரிந்தது. எதிரி அடித்து அல்ல. பிடித்துவைத்திருந்த மண்டலங்களுக்கான கட்டணம் கட்டப்படவில்லை, இடம் கைவிட்டுப் போனது, கடைசியில் தலைமையில் இருந்தவரே கடையை மூடினார். முதல் கதையில் முடித்தது கீழே இருந்தவன், இரண்டாவதில் மேலே இருந்தவன். எல்லாச் சாவியையும் தலைவனே வைத்துக்கொண்டால் பத்திரம் என்பவர்கள் இரண்டாவது கதைக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு இடத்திலும் ஒரே ஆள் மொத்தத்தையும் முடிக்க முடிந்தது, அதுதான் கோளாறு.

ஆட்டத்துக்குள் 2014 ஜனவரி 27-ல் நடந்த பெரிய சண்டையும் கட்டணத்தில்தான் தொடங்கியது. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்கு உரிய தொகை போய்ச் சேரவில்லை. ஏறத்தாழ 21 மணி நேரம் சண்டை. பல ஆயிரம் பேர் குவிந்ததில் சர்வர் தாங்காமல் ஆட்ட நேரத்தையே பத்தில் ஒரு பங்காக மெதுவாக்கி ஓட்டினார்கள். மொத்தம் 75 டைட்டன் என்ற மாபெரும் கப்பல்கள் அழிந்தன, அதில் 59 கட்டணம் தவறிய தரப்பினுடையவை. கட்டணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க இன்னொரு ஜோடிக் கண் இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு இது தத்துவமாக வந்ததல்ல, ஏலக்காயால் வந்தது. ஊர் கம்பம் என்றாலும் குத்தகைக்கு எடுத்த தோட்டம் மலைக்கு மேலே, கேரளத்து வண்டன்மேடு பக்கம். ஆவணியில் காய் எடுப்பு மும்முரமானால் விடிகாலையில் கூலி ஆட்களோடு ஜீப்பில் கம்பமெட்டு ஏறுகிறவன், இரவு எந்த நிலையில் இறங்குவேன் என்று சொல்ல முடியாது. மேலே சிக்னல் இருந்தால் மழை இல்லை என்று அர்த்தம். நான் வந்து திறந்துவிட்டால்தான் கப்பல் என்று வைத்திருந்தால் பாதி வருடம் கார்ப் பூட்டியே கிடக்கும்.

ஆட்டமே இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒரு கார்ப்புக்கு ஏழு ஹேங்கர் (கப்பலும் பொருளும் வைக்கிற கிடங்கு) பிரிவு, ஏழு வாலட் (பணப்பெட்டி) பிரிவு. எதை யார் பார்க்கலாம், யார் எடுக்கலாம் என்று தனித்தனியாகக் கொடுக்கலாம். எங்களிடம் முதல் ஹேங்கர் எல்லோருக்கும் திறந்தது, மலிவான கப்பல்கள் மட்டும். கட்டுமானப் பொருள் இருவர் பொறுப்பு. கட்டணம் கட்டுவது ஒருவர், கட்டியதைப் பார்ப்பது வேறொருவர். இயக்குநர் பதவியை மட்டும் யாருக்கும் சுலபமாகத் தருவதில்லை, அதில் எல்லாக் கதவும் திறக்கும்.

திருட்டு நடக்காமல் இல்லை. சேர்ந்து சில வாரமே ஆன ஒருவன் முதல் ஹேங்கரை ஒரே இரவில் துடைத்துக்கொண்டு போனான். எனக்கும் கோபம்தான். உடனே பூட்டச் சொன்னார்கள், நான் ஒத்துக்கொள்ளவில்லை. அந்த வார இறுதியில் எல்லோரும் சேர்ந்து சுரங்கம் தோண்டி நிரப்பிவிட்டோம். பூட்டியிருந்தால்? ராத்திரி ஒரு மணிக்குக் கப்பலை இழந்த புதுப் பையன் வேறு கப்பல் கேட்டு யாரும் பதில் சொல்லாமல் அணைத்துவிட்டுத் தூங்கப் போவான். மறுநாள் வரமாட்டான். அந்த நஷ்டம் எந்த வாலட்டிலும் காட்டாது.

எங்கள் டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் பாதி தமிழ், பாதி மலையாளம். குமுளி, கட்டப்பனைப் பையன்கள், துபாயில் வேலை பார்க்கிற சேட்டன்மார் என்று கலவை. அங்கே ஒரு விதி உண்டு: முல்லைப் பெரியாறு அணைப் பேச்சு கூடாது. 2011 டிசம்பரில் குமுளி எல்லை இருந்த இருப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அந்த விதியைப் போட்டது நான் இல்லை, கட்டப்பனைத் தம்பி ஒருவன். நான் போட்டிருந்தால் தமிழ்நாட்டுக்காரன் போட்ட விதியாகியிருக்கும்.

அதிகாரத்தைக் கொடுத்த பிறகு பிடுங்காமல் இருப்பதுதான் கஷ்டம். ஆட்டத்தில் எங்கள் விண்வெளி நிலையத்தை யாராவது தாக்கினால் உடனே உடையாது. நாம் முன்பே குறித்துவைத்த நேரத்தை ஒட்டித்தான் அடுத்த கட்டச் சண்டை வரும். நான் குறித்திருந்தது நம் நேரம் மாலை ஏழரை. ஐரோப்பாக்காரன் அப்போது ஆபீசில் இருப்பான். சீசனில் நான் மேலே இருந்தபோது நிலையப் பொறுப்பாளர்கள் பேசி ஒன்பதரைக்கு மாற்றிவிட்டார்கள். ஏழரைக்கு துபாயில் ஆறு மணி, ஆட்கள் ரோட்டில் நிற்பார்கள் என்று காரணம் சொன்னார்கள். "அண்ணே, ஏழரை நமக்கு வேண்டாம், பெயரே சரியில்லை" என்று கிண்டல் வேறு. ஒன்பதரைக்கு ஐரோப்பாக்காரன் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டுவிடுவான் என்று இன்னும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன். நேரம் ஒன்பதரைதான்.