கடைசிக் கண்டத்துக்கு எப்போது தண்ணீர் வரும்?

எங்கள் அக்காவின் மகள் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ எடுத்தாள். பெறுபேறு வந்த அன்று வீட்டில் சந்தோசம் தாங்க முடியவில்லை. அடுத்த கிழமையே, உயர்தரத்தில் கலைப் பிரிவுதான் படிக்கப் போகிறேன், புவியியல், அரசறிவியல், தமிழ் என்று சொல்லிவிட்டாள். வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு மாமி வாசலில் நின்றபடியே, "ஒன்பது ஏ எடுத்த புள்ள ஆர்ட்ஸ் படிக்கிறதா? என்ன கா இது?" என்று கேட்டார். அக்கா நேரே என்னிடம் வந்தார். "நீ இஞ்சினியர். நீ சொன்னா கேப்பாள். பயோ செய்யச் சொல்லு."

நான் அவளிடம் விரும்பினதைப் படி என்றேன். அக்கா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

இப்போது அவள் வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஆனால் ஊரில் அந்தக் கேள்வி இன்னும் ஓயவில்லை. இந்தப் பாடம் படித்து என்ன வேலை எடுக்கலாம்? வரலாறு எதற்கு, தத்துவம் எதற்கு, இலக்கியம் எதற்கு? பிள்ளைகளைப் பெற்றவர்கள் இப்படிக் கேட்பதை நான் குறை சொல்ல மாட்டேன். யுத்தத்தையும் சுனாமியையும் கண்ட ஊர் இது. ஒரு நிரந்தரச் சம்பளம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் ஏன் அவளைப் படி என்றேன் என்பதை எழுத வேண்டும் போல இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பாறை மாவட்டத்தில் ஒரு குளத்துக்கான பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குப் போனேன். சிறுபோகம், மழை குறைந்த காலத்து வேளாண்மை. மழை பொய்த்திருந்தது, குளத்தில் பாதித் தண்ணீர்கூட இல்லை. நான் முதல் நாள் இரவு முழுக்க இருந்து கணக்குப் போட்டிருந்தேன். குளத்தில் எத்தனை ஏக்கரடி (ஒரு ஏக்கரில் ஒரு அடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் ஒரு ஏக்கரடி), ஆவியாகிப் போவது எவ்வளவு, வாய்க்காலில் கசிவது எவ்வளவு, ஒரு ஏக்கர் நெல்லுக்கு எவ்வளவு தேவை. முடிவு தெளிவாக இருந்தது. குளத்துக்குக் கிட்ட உள்ள கண்டங்களில், அதாவது வயல் பிரிவுகளில், மட்டும் விதைக்கலாம், மிச்சத்துக்குத் தண்ணீர் இல்லை. எழுந்து நின்று வாசித்தேன்.

பின்வரிசையில் இருந்து ஒரு வயதான வட்டவிதானை, வயலுக்குத் தண்ணீர் பங்கிடுவதைப் பார்க்கும் ஊர்ப் பொறுப்பாளர், எழும்பினார். வெள்ளைச் சாரம், கையில் மடித்த குடை. "மனே, கணக்குச் சரிதான். கடைசிக் கண்டத்துக்காரன் இந்தப் போகம் என்னத்தத் திண்ணுற?"

எனக்குப் பதில் வரவில்லை. என் தாளில் அதற்கு ஒரு வரிகூட இல்லை. அவரே தொடர்ந்தார். தண்ணீர் பாயும் வயலை இந்தப் போகத்துக்கு மட்டும் எல்லாரும் பங்கு போட்டுச் செய்வோம், மழை வந்த பிறகு அவரவர் காணிக்குப் போவோம் என்றார். அப்புறம் நடந்ததுதான் உண்மையான கூட்டம். குத்தகைக்கு எடுத்தவனுக்குப் பங்கு உண்டா? உரம் யார் போடுவது? முன்பு ஒரு வரட்சியில் இப்படிச் செய்து சண்டை வந்ததே, ஏன் வந்தது? ஒன்றரை மணித்தியாலம் அந்த மனிதர்கள் நியாயத்தையும் பழைய வழக்கத்தையும் கடனையும் உறவையும் வைத்து வாதாடினார்கள். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். சிங்களக் கிராமங்களில் இதே முறைக்குப் 'பெத்ம' என்று பெயர் இருப்பதும், அது மிகப் பழைய வழக்கம் என்பதும் பல வருடம் கழித்து நானாகத் தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது. நான்கு வருடப் படிப்பில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. தண்ணீர் எப்படி ஓடும் என்று படித்தேன். தண்ணீரை மனிதர்கள் எப்படிப் பங்கு போட்டு வாழ்ந்தார்கள் என்று படிக்கவில்லை.

கூட்டக் குறிப்பை நான்தான் எழுத வேண்டும். எழுதினேன். மேலதிகாரி சிவப்பு மையில் கோடு கோடாக அடித்துத் திருப்பி அனுப்பினார். எங்கள் கந்தோரில் இருந்த ஒரு எழுதுவினைஞர், கலைப் பட்டதாரி, என் பக்கத்தில் இருந்து திருத்தித் தந்தார். என்ன முடிவு, யார் மறுத்தார், எந்தக் காரணத்துக்காக மறுத்தார், அவருக்கு என்ன வாக்குக் கொடுக்கப்பட்டது, எல்லாம் ஒரே பக்கத்தில். இரண்டு மாதம் கழித்து வாய்க்கால் அடியில் மண்வெட்டியோடு ஆட்கள் நின்றபோது, அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டித்தான் சண்டையை நிறுத்தினோம். அன்றைக்கு என் ஏக்கரடிக் கணக்கை யாரும் கேட்கவில்லை.

இதைத்தான் நான் விரிந்த கல்வி என்கிறேன். 'தாராண்மைக் கல்வி' என்று எழுதுகிறார்கள், அந்தச் சொல் எனக்கு ஏனோ வாயில் ஒட்டுவதில்லை. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் ஏழு கலைகள் படிப்பித்தார்கள். இலக்கணம், தருக்கம், பேச்சுக்கலை மூன்று. எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் நான்கு. சுதந்திரமான மனிதனுக்கு உரிய கல்வி என்பதுதான் 'லிபரல் ஆர்ட்ஸ்' என்ற பெயரின் பொருள். இசை அங்கே கணிதத்தோடு இருப்பதைக் கவனியுங்கள். சட்சமத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள அதிர்வு விகிதம் 2:3 என்றால் அது பாட்டா, கணக்கா?

இந்தக் கேள்வியை எங்கள் மண்ணில் ஒருவர் வாழ்நாள் முழுக்கக் கேட்டார். 1892-இல் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர். சிலையாக அவரை எல்லோருக்கும் தெரியும், விழாவுக்கு விழா மாலை போடுகிறோம். அவர் படித்ததை வரிசையாக வைத்துப் பாருங்கள். விஞ்ஞானத்தில் டிப்ளோமா. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டம். லண்டன் பல்கலைக்கழக பி.எஸ்சி. யாழ்ப்பாணத்தில் விஞ்ஞானம் படிப்பித்தார். பிறகு 1931-இல் அண்ணாமலையிலும் 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியர். ஷேக்ஸ்பியரைப் பற்றி எழுதினார். விஞ்ஞானத்துக்குத் தமிழில் கலைச்சொல் ஆக்கும் வேலையிலும் நின்றார். அவர் மறைந்த 1947-இல் வெளிவந்த 'யாழ் நூல்', அழிந்துபோன ஒரு வாத்தியத்தைச் சிலப்பதிகார வரிகளையும் ஒலியின் கணிதத்தையும் சேர்த்து வைத்துத் தேடியது. பௌதிகம் மட்டும் தெரிந்தவரால் அதை எழுத முடியாது. தமிழ் மட்டும் தெரிந்தவராலும் முடியாது. இன்று பிறந்திருந்தால் பதினாறு வயதில் அவரைக் கூப்பிட்டு, மெத்ஸா ஆர்ட்ஸா, ஒன்றைச் சொல் என்று கேட்டிருப்போம். எனக்கு இதை நினைக்க நெஞ்சு அடைக்கிறது.

சரி, வேலை? இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மை இல்லை. 2017-இல் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் சத்தியாக்கிரகம் இருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். கைக்குழந்தையோடு வந்து இருந்தவர்கள் இருந்தார்கள். அவர்களிடம் போய்க் கல்வி மனதை விரிக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் ஒன்று கேட்கிறேன். அவர்களுக்கு நாங்கள் கொடுத்தது விரிந்த கல்விதானா? ரியூசனில் சொல்லக் கேட்டு எழுதிய நோட்ஸ், கம்பஸில் மூத்த மாணவர் தந்த போட்டோக்கொப்பி நோட்ஸ், பரீட்சைக்கு முதல் நாள் பாடமாக்கல். ஒரு புத்தகத்தை முழுதாக வாசிக்காமலே பட்டம் எடுக்கலாம் என்றால் அந்தப் பிழையைப் பிள்ளையின் தலையில் போட முடியாது. ஆர்ட்ஸ் படித்த பிள்ளைக்கு ஒரு புள்ளிவிபர அட்டவணையைப் பார்த்துப் பயம் வருகிறது. மெத்ஸ் படித்த எனக்கு ஒரு பக்கம் தமிழ் எழுதப் பயம் வந்தது. இரண்டு பேரையும் பாதியில் நிறுத்தியிருக்கிறோம்.

என் தொழிலிலேயே இப்போது பாருங்கள். நான் இரண்டு நாள் இருந்து போட்ட வாய்க்கால் கணக்கை மென்பொருள் சில நிமிடத்தில் போட்டுத் தருகிறது. சந்தோசம்தான். ஆனால் அந்த வட்டவிதானையின் கேள்வியை அது தானாகக் கேட்காது. கேட்கப் பழகிய ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும்.

என் கூட்டாளி ஒருவன் வைத்தியர். படிக்கிற காலத்தில் ஊரில் வடமோடிக் கூத்து ஆடியவன். கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் அடி வாங்கி ஆட்டம் பழகியவன். வயதான நோயாளி கதை சொல்லத் தொடங்கினால் இடையில் வெட்டாமல் இருப்பதை வாட்டில் பார்த்திருக்கிறேன். மற்றவன் பாட்டு முடியும்வரை கூத்துக் களரியில் காத்து நிற்கப் பழகினதுதான் என்பான்.

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. பயோ படிக்கிற பிள்ளை ஒரு நாவலோடு இருந்தால் நேரம் வீண் என்று பறிக்காதீர்கள். ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையைக் கணக்குப் பக்கமும் தள்ளுங்கள். விரிவுரையாளராக இருப்பவர்கள், தயவுசெய்து நோட்ஸ் சொல்லுவதைக் குறைத்து, எழும்பி மறுத்துக் கதைக்கிற பிள்ளைக்கு இடம் கொடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வீட்டிலும் பாடசாலையிலும் கிடைக்காத இடம் அது ஒன்றுதான்.

போன கிழமை மருமகள் லீவில் வந்திருந்தாள். என் மேசையில் விரித்திருந்த குளத்து வரைபடத்தைக் கன நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாய்க்கால் முடிகிற இடத்தில் விரலை வைத்தாள். "மாமா, கடைசியில இருக்கிற கண்டமெல்லாம் ஆருக்குக் குடுத்தது? கிட்ட இருக்கிற காணி ஆருக்குக் குடுத்தது? குடியேத்தினபோது ஆர் தீர்மானிச்ச?"

இருபது வருடமாக அந்த வரைபடத்தைப் பார்க்கிறேன். அதில் வாய்க்காலின் சாய்வு எனக்கு மனப்பாடம். ஆர் தீர்மானித்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பழைய காணிக் கோவைகளைப் பார்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதியிருக்கிறோம். எழுதியது அவள், கையெழுத்து நான்.