கோல்ஃப்: எடையை மாற்றுவது மட்டை உச்சிக்குப் போன பிறகா?

"மட்டையை உச்சிவரை ஓங்குங்கள், எடை முழுவதும் வலது காலில் நிற்கட்டும், பிறகு இடது காலுக்கு மாற்றுங்கள்" என்ற குறிப்பு கோல்ஃப் பழகுவோரிடையே சுற்றி வருகிறது. இது தவறு.

தேர்ந்த ஆட்டக்காரர்களை அழுத்தம் அளக்கும் தட்டின்மேல் நிறுத்திப் பார்த்தால் வேறு காட்சி தெரிகிறது. வலக்கை ஆட்டக்காரரைச் சொல்கிறேன்: ஓங்கும்போது இடது கை தரைக்கு இணையாக வரும் கட்டத்திலேயே வலது பாத அழுத்தம் ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மட்டை இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அழுத்தம் இடப்பக்கம் திரும்பத் தொடங்குகிறது.

உச்சியிலிருந்து பந்தைத் தொட ஏறத்தாழ கால் விநாடிதான். அதற்குள் எடையை மாற்ற நேரம் ஏது? தோள் முந்திக்கொள்ளும், பந்து பெரும்பாலும் வலப்புறம் வளைந்து ஓடும்.

ஓங்கி முடிக்குமுன்பே இடது பாதத்தைத் தரையில் அழுத்திப் பாருங்கள்.