லேப்டாப் விக்கும்போ எந்த ஓ.எஸ். வேணும்னு எங்ககிட்ட கேளுங்க

மார்த்தாண்டத்துலயோ நாகர்கோவில்லயோ ஏதாவது ஒரு லேப்டாப் கடைல போய் நின்னு பாருங்க. ஐ3யா ஐ5ஆ, ரேம் எட்டா பதினாறா, எஸ்எஸ்டி எவ்வளவு, இஎம்ஐல எடுக்கீங்களா, பேக் கறுப்பா நீலமா, எல்லாம் கேப்பாங்க. எந்த ஓ.எஸ்., அதாவது கம்ப்யூட்டர ஓட வைக்கிற அடிப்படை சாஃப்ட்வேர், வேணும்னு மட்டும் ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஃபோன் வாங்கணும்னா ஆண்ட்ராய்டா ஐஃபோனான்னு வீட்டுக்குள்ள ஒரு வாரம் பேச்சு நடக்குது, கம்ப்யூட்டர்னு வந்தா அந்தப் பேச்சே கிடையாது, விண்டோஸ்னு யாரோ முடிவு பண்ணியாச்சு, நாம காசு குடுத்தா போதும். இது ரொம்ப நாளாவே எனக்கு மனசுல கிடக்கு. இப்போ விண்டோஸ் 10 விஷயத்துல சனங்க அலையுறத பாத்தபிறவு எழுதாம இருக்க முடியல.

விஷயம் தெரியாதவங்களுக்கு சொல்லுதேன். 2025 அக்டோபர் 14ஓட விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்ட நிறுத்தியாச்சு. மிஷின் ஓடும், ஆனா செக்யூரிட்டி அப்டேட் வராது. சரி விண்டோஸ் 11க்கு மாறலாம்னா அதுக்கு டிபிஎம் 2.0ங்கிற செக்யூரிட்டி சிப் வேணும், செக்யூர் பூட்ங்கிற பாதுகாப்பு வசதி வேணும், இன்டெல்னா பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் எடுக்கும். அதாவது 2016ல வாங்கின ஒரு நல்ல லேப்டாப், கீபோர்டு நல்லாருக்கு, ஸ்க்ரீன் நல்லாருக்கு, வேலையும் செய்யுது, ஆனா அவங்க லிஸ்ட்ல இல்லங்கிறதுக்காக மட்டும் அது கழிவு ஆயிருது. இதுல ஒரு வருஷ நீட்டிப்பு ஒண்ணு உண்டு, 2026 அக்டோபர் 13 வரைக்கும், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு செட்டிங்ஸ பேக்கப் பண்ணினா காசில்லாம கிடைக்கும்னு அவங்களே அறிவிச்சிருந்தாங்க. இத எத்தன கடைக்காரங்க கஸ்டமர்கிட்ட சொன்னாங்க? நான் விசாரிச்ச ஒருத்தர்கிட்டயும் சொல்லல.

எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்க அக்கா ஒருத்தங்க இருக்காங்க. பழைய ஐ3 லேப்டாப், அதுலதான் பிளவுஸ் பேட்டர்ன் பிடிஎஃப் எல்லாம் வச்சிருக்காங்க, யூடியூப்ல டிசைன் பாப்பாங்க, பையன் நைட்டு படிக்குததும் அதுலதான். ஒரு கடைல கொண்டு காட்டினதுக்கு இது இனி ஆகாது, புதுசு எடுங்க, பழசுக்கு ரெண்டாயிரம் கழிச்சுத் தாரோம்னு சொல்லியிருக்காங்க. அக்கா நகைய வைக்கலாமான்னு யோசிச்சுகிட்டு இருந்தாங்க. நான் ஒரு பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட்ங்கிற, காசில்லாம கிடைக்கிற வேற ஒரு ஓ.எஸ்.ஸ ஏத்தி எடுத்துட்டுப் போனேன். அந்த லேப்டாப்புல எஃப்12 அமுக்கினா பென்டிரைவ்ல இருந்தே மிஷின ஆரம்பிக்கலாம், இன்ஸ்டால் பண்ணாமலே ஓட்டிப் பாக்கலாம், உள்ள இருக்க ஒண்ணும் அழியாது. அக்கா கேட்ட மொதக் கேள்வி, "மக்கா, எனக்க போட்டோ எல்லாம் போயிராதுல்லா?" போகாதுக்கான்னு அந்த ஃபோல்டர தொறந்து காட்டினேன். வைஃபை எடுத்தது, பாட்டு ஓடிச்சு, பிரிண்டர சொருகினதும் அதுவா கண்டுபிடிச்சது. அப்புறம் அக்கா ஒரு பேட்டர்ன பிரிண்ட் எடுத்து, கழுத்துல கிடந்த இஞ்ச் டேப்ப எடுத்து பேப்பர் மேல வச்சு அளந்து பாத்தாங்க, தோள்பட்டை அளவு கரெக்டா வருதான்னு. கால் இஞ்ச் மாறினாலும் துணி வீணாப்போகும்லா. அளவு சரியா இருந்தது. அதுக்கு அப்புறந்தான் "செரி, போடு"ன்னு சொன்னாங்க. போட்டோ எல்லாத்தையும் வேற ஒரு ஹார்ட்டிஸ்க்ல காப்பி எடுத்து வச்சிட்டுத்தான் இன்ஸ்டால் பண்ணினேன்.

இங்க நான் சொல்ல வாறது லினக்ஸ் பெருசு விண்டோஸ் சிறுசுன்னு இல்ல. அளந்து பாத்து முடிவு பண்ற சான்ஸ் அந்த அக்காவுக்கு கிடைச்சது, அத கடைல யாரும் குடுக்கல. சாய்ஸ்னா அதுதானே.

இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமும் இல்ல. 90கள்ல மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் கம்பெனிகள்கூட ஒரு கணக்கு போட்டிருந்துது, விண்டோஸ் போட்டு வித்தாலும் போடாம வித்தாலும் அனுப்புற ஒவ்வொரு மிஷினுக்கும் ராயல்டி கட்டணும்னு. அப்போ வேற ஓ.எஸ். போட்டு விக்கணும்னா அந்த கம்பெனிக்கு ரெண்டு செலவு, எவன் போடுவான்? அமெரிக்க அரசு தலையிட்டு 1994ல ஒப்பந்தம் போட்டு அத நிறுத்தினது. பிறவு 2007ல ஏசுஸ் கம்பெனி ஈ பிசின்னு சின்ன லேப்டாப்ப லினக்ஸோட இறக்கினாங்க, நல்லா வித்தது. உடனே சாவப்போற விண்டோஸ் எக்ஸ்பிய மைக்ரோசாஃப்ட்காரங்க அந்தச் சின்ன மிஷினுக்குன்னு மட்டும் ஆயுள நீட்டிக் குடுத்தாங்க. போட்டின்னு ஒண்ணு வந்தா எக்ஸ்பிக்கு ஆயுசு நீளும், இல்லன்னா நல்ல மிஷின கழிச்சுப்போடச் சொல்லுவாங்க, இத மட்டும் யோசிச்சுப் பாருங்க.

களியக்காவிளை தாண்டி கேரளத்துல பாறசாலைக்கு போனா கதையே வேற. 1956க்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே ஆட்சியிலதான் இருந்தது, இன்னைக்கும் கல்யாணம் காச்சி அங்கயும் இங்கயுமா நடக்குது. எனக்க சொந்தத்துல ஒரு பிள்ளை அங்க கவர்மெண்ட் ஸ்கூல்ல படிக்குது. அதுக்கு ஜிம்ப், இங்க்ஸ்கேப்னு படம் வரையிற சாஃப்ட்வேர், ஜியோஜிப்ரான்னு கணக்கு சாஃப்ட்வேர் எல்லாம் தண்ணி பட்ட பாடு, ஏன்னா கேரளத்துல 2001ல ஐடி அட் ஸ்கூல்னு ஆரம்பிச்சு இப்போ கைட்னு நடத்துற திட்டத்துல பள்ளிக்கூட கம்ப்யூட்டர் பூரா லினக்ஸ்தான், பத்தாங்கிளாஸ் ஐடி ப்ராக்டிக்கலும் அதுலதான். அந்தப் பிள்ளைக்கு விண்டோஸ குடுத்தாலும் ஓட்டும், லினக்ஸ குடுத்தாலும் ஓட்டும்.

நம்ம பக்கமும் ஒண்ணும் நடக்காம இல்ல. 2011ல ஆரம்பிச்ச இலவச லேப்டாப்புல விண்டோஸும் இருந்தது, மத்திய அரசோட சிடாக் நிறுவனம் சென்னைல செஞ்ச பாஸ்ங்கிற லினக்ஸும் இருந்தது. ஆனா சொல்லிக் குடுக்க ஆளில்ல. தெரிஞ்ச பையன் எவன்கிட்டயாவது குடுத்து மொத வேலையா பாஸ அழிச்சிட்டு அந்த இடத்துலயும் சினிமாவ ஏத்தி வச்சாங்க. சாஃப்ட்வேர குடுத்தா போதும்னு நெனச்சிட்டாங்க, ஒரு வாத்தியார குடுத்திருக்கணும்.

அடுத்தது கிராக், அதாவது காசு குடுக்காம திருட்டுத்தனமா ஓட்டுற சாஃப்ட்வேர். இதுல எனக்கு கோவம் உண்டு. ஓ.எஸ். இல்லாத லேப்டாப்ப டாஸ் லேப்டாப்னு சொல்லி சில ஆயிரம் குறைச்சு விப்பாங்க, வித்துட்டு அங்கயே வச்சு திருட்டு விண்டோஸ போட்டுத் தருவாங்க. அத ஆக்டிவேட் பண்றதுக்கு ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணணும், யாரு எழுதினான்னு தெரியாத ஒரு ஃபைல அட்மினா ஓட்டணும். அந்த மிஷின்லதான் பிறவு நெட் பேங்கிங், கல்ஃப்ல இருந்து மாப்பிள்ளை அனுப்புற பணம், பாஸ்போர்ட் ஸ்கேன் எல்லாம். வீட்டுச் சாவிய வழில போறவன் கைல குடுத்த மாதிரிதான் இது. விண்டோஸ்தான் வேணும்னா தாராளமா வாங்குங்க, காசு குடுத்து ஒரிஜினலா வாங்குங்க, அது மரியாதையான முடிவு.

சிலருக்கு விண்டோஸ்தான் வேணும், அதையும் சொல்லணும்ல. டேலில கணக்கு எழுதுறவங்க அதுலயே இருங்க. கல்யாணக் கார்டு அடிக்கிற ஆஃபீஸ்ல இன்னும் பேஜ்மேக்கர்ங்கிற பழைய டிசைன் சாஃப்ட்வேரும் பாமினிங்கிற பழைய தமிழ் ஃபாண்ட்டும்தான் ஓடுது, வருஷக்கணக்கா சேத்து வச்ச ஃபைல் எல்லாம் அதுல கிடக்கு, அவங்கள போய் மாறுங்கன்னு சொன்னா பொழப்பு கெடும். ஆனா அரசாங்கமே ஒரு கம்பெனிக்குள்ள நம்மள பூட்டுறத என்னால ஏத்துக்க முடியல. ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஆஃப்லைன் டூல் விண்டோஸ்ல மட்டும் ஓடுற மாதிரி வச்சிருந்தாங்க. வரி கட்டுறது சட்டம், அத கட்ட ஒரு தனியார் கம்பெனி ஓ.எஸ். வாங்கித்தான் ஆகணும்னா அது என்ன நியாயம்? பொதுப்பணத்துல எழுதுற சாஃப்ட்வேர் பிரவுசர்ல ஓடணும், இல்லன்னா விண்டோஸ், மேக், லினக்ஸ் மூணுலயும் ஓடணும்.

கடைக்கார அண்ணன்மாரே, உங்கள குத்தம் சொல்ல எழுதல, உங்களுக்கும் மார்ஜின் இடிக்குதுன்னு தெரியும். ஒவ்வொரு மாடலுக்கும் விண்டோஸோட ஒரு விலை, ஓ.எஸ். இல்லாம ஒரு விலைன்னு ரெண்டு விலைய எழுதி ஒட்டுங்க. டிஸ்ப்ளேல கிடக்க லேப்டாப்புல ஒண்ணுல லினக்ஸ போட்டு வையுங்க, வாறவங்க தொட்டுப் பாக்கட்டும். பழச கொண்டு வாறவங்ககிட்ட ஆகாதுன்னு சொல்லுறதுக்கு முன்னாடி ஒரு பென்டிரைவ சொருகிப் பாருங்க, சர்வீஸ் சார்ஜ் ஐநூறோ ஆயிரமோ வாங்குங்க, தருவாங்க.

கைல பழைய மிஷின் இருக்கவங்க 8 ஜிபி பென்டிரைவ் ஒண்ணு வச்சிருந்தா போதும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேம்தான்னா மின்ட்லயே லேசா ஓடுற எக்ஸ்எஃப்சிஇ எடிஷன் எடுங்க. ரெண்டு நாள் பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாத்து, உங்க பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் டைப்பிங் எல்லாம் சரியா வந்தா மட்டும் இன்ஸ்டால் பண்ணுங்க. வரலன்னா கமெண்ட்ல மாடல் நம்பரப் போடுங்க, பாப்போம்.