12 மணி கேக்கு யாருக்காக?

எங்க வீட்டுக்காரர் குவைத்ல இருக்காரு. போன வருஷம் அவர் பொறந்தநாளுக்கு ராத்திரி 12 மணிக்கு வீடியோ கால் போட்டு கேக் வெட்டுனோம், காவேரிப்பட்டணத்துல பேக்கரில சொல்லி வச்சு வாங்குனது, பலூன் கட்டி, சின்னவன தூக்கத்துல எழுப்பி உக்கார வச்சு... அந்தப் பக்கம் மனுஷன் ஹெட்போன மாட்டிகிட்டு போர்வைக்குள்ள குசுகுசுன்னு பேசறாரு. அங்க 9:30 தான் ஆனா ரூம்ல மத்தவங்க படுத்துட்டாங்க, வெயில் காலத்துல விடியறதுக்கு முன்னாடியே வண்டி ஏறணுமே. "சூப்பரா இருக்கும்மா"ன்னு சொல்லும்போதே கொட்டாவி. அத ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டேட்டஸ் வேற போட்டேன், இப்ப நெனச்சா வெக்கமா இருக்கு.

என்னக் கேட்டா இந்த 12 மணி கூத்து தூரத்துல இருக்கறவங்களுக்கு இல்லீங்க, நம்ம ஸ்டேட்டஸ பாக்கறவங்களுக்குத்தான்.

குவைத்ல ஜூன் 1லருந்து ஆகஸ்ட் 31 வரைக்கும் காலைல 11லருந்து சாயந்திரம் 4 வரைக்கும் வெளி வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு ரூல் இருக்கு, அந்த நேரம் ரூமுக்கு வந்துருவாரு. நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னாடி. பசங்க ஸ்கூல் விட்டு வர்ற நாலரைக்கு அங்க ரெண்டு மணி, தூங்கி எழுந்து தெளிவா இருப்பாரு. இது தெரிஞ்சும் போன வருஷம் எனக்குத் தோணல பாருங்க.

(அவரோட ஜூன் மாசப் பொறந்தநாளே ஸ்கூல்ல சேக்கறப்ப வாத்தியார் போட்டதுதான். எங்க அத்தைக்கு தேதி தெரியாது, மாங்கா சீசன்ல பொறந்தான்னு மட்டும் சொல்லும்.)

இந்த வருஷம் என்ன வேணும்னு அவர்கிட்டயே கேட்டேன். களி வேணும்னாரு. லீவு முடிஞ்சு போன பக்கத்து ஊரு தம்பிகிட்ட ரெண்டு கிலோ ராகி மாவு குடுத்து விட்டேன். அன்னிக்கு நாலரைக்கு போன செம்புல சாச்சு வச்சுட்டு அத்தை இங்க அடுப்புல கிண்டுது, அவரு அங்க கேஸ் ஸ்டவ்ல கிண்டறாரு. "டேய் சாமி, நொய்யரிசி வெந்துச்சா? மாவ நடுவுல குவிச்சு போடு, ஒடனே கெளறாத, வேகட்டும்"னு அத்தை கத்த, அவரு கரண்டிய திருப்பிப் புடிச்சு காம்பால கிண்ட, வேர்வை சொட்டுது, மாவு கட்டி கட்டியா நிக்குது. அத்தை பாத்துட்டு "தூ, இது களியா"ன்னுச்சு. இங்க நாட்டுக்கோழி கொழம்பு, அங்க எதோ சிக்கன் கறி. உருண்டையப் புட்டு வாயில போட்டதும் அவரு பேசவே இல்ல, நாங்களும் பேசல, ஒரு இருவது நிமிஷம் சாப்பாடு மட்டும்தான். அப்பறம் பெரியவ தோட்டத்துல செந்தூரா மரத்த காட்டுனா, எந்தக் கெளையில காய் விட்டிருக்குன்னு ஒண்ணு ஒண்ணா கேட்டாரு.

ஆறேகாலுக்கு வண்டி வந்துருச்சுன்னு ஷூவ மாட்டிகிட்டே போன வச்சாரு. ஸ்டேட்டஸ் போட ஒரு போட்டோ கூட எடுக்கல. சின்னவன் மட்டும் கேக் எங்கன்னு இன்னும் கேட்டுகிட்டு இருக்கான்.